நான் சொல்லிக்கொடுத்த லாபக் கணக்கில் ஒரு குறை

காலையிலிருந்து மழை. வெளியே போக வழியில்லை. பல நாளாக எழுத நினைத்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். என்னிடம் படித்த பிள்ளைகளில் கடை வைத்திருப்பவர்களும், வீட்டிலிருந்தே பலகாரம், தையல், மசாலாப் பொடி என்று வியாபாரம் செய்பவர்களும் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். சொந்தக்காரர்களும் வாசியுங்கள். இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. எனக்கும் உண்டு.

ஐந்தாம் வகுப்பில் நான் போட்ட கணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். "ஒரு வியாபாரி 100 மாம்பழங்களை 500 ரூபாய்க்கு வாங்கி 650 ரூபாய்க்கு விற்றார். அவருக்குக் கிடைத்த லாபம் எவ்வளவு?" விற்ற விலையில் அடக்க விலையைக் கழித்தால் லாபம். 150 என்று எழுதினால் சரி போட்டுவிடுவேன். 33 வருஷம் இதே கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதினேன்.

அந்த வியாபாரி மாம்பழத்தை எந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார், வாடகை எவ்வளவு, எத்தனை பழம் அழுகிப்போனது, நாள் முழுக்க வெயிலில் நின்றாரே அவருக்குக் கூலி எவ்வளவு என்று நானும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டதில்லை. பெரிய வகுப்புக்குப் போனால் மேற்செலவு, இதரச் செலவு என்று பாடத்தில் வரும். ஆனால் பலர் மனசில் கடைசிவரை தங்குவது ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். அதனால் என்ன ஆகிறது என்பதைப் போன செப்டம்பரில் என் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்தேன்.

ஓணம் கழிந்த சமயம். பழைய மாணவி ஒருத்தி வந்தாள். பேர் வேண்டாம். வீட்டிலேயே ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு, கொட்டாரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ஏழு கடைகளுக்குக் கொடுக்கிறாள். அவளும் மாமியாரும் சேர்ந்து செய்கிற வேலை. தேங்காய் எண்ணெயில் மட்டும்தான் பொரிப்பாள்.

"டீச்சர், ஒரு யோசனை கேக்கணும். எனக்க வளையல் ரெண்டையும் அடகு வச்சி பெரிய உருளியும் அடுப்பும் வாங்கலாம்னு இருக்கேன். ஒரு ஆளையும் வச்சா ஒரு நாளைக்கு 20 கிலோ போடலாம். லாபம் ரெண்டு மடங்கு ஆவும்லா?"

"இப்ப லாபம் எவ்வளவு மக்களே?"

"கிலோவுக்கு 20 ரூபா."

எப்படி என்று கேட்டேன். நோட்டை எடுத்துக் காட்டினாள். என்னிடம் படித்த பிள்ளை, எழுத்து அழகாக, வரி வரியாக இருந்தது. ஒரு கிலோ சிப்ஸுக்குத் தோலோடு நாலு கிலோ காய், கிலோ 40 வீதம் 160 ரூபாய். பொரிப்பில் குடிப்பதும் கழிவதுமாக எண்ணெய் 300 மில்லி, லிட்டர் 420 வீதம் 126 ரூபாய். உப்பு, மஞ்சள் 2 ரூபாய். கேஸ் 20 ரூபாய். கவரும் ஸ்டிக்கரும் 12 ரூபாய். மொத்தம் 320. கடைக்குக் கொடுப்பது 340. லாபம் 20.

கூட்டல், கழித்தல் எல்லாம் சரி. நான் சொல்லிக்கொடுத்தபடியே போட்டிருந்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

முதலில் எண்ணெய் வரியைப் பார்த்தோம். 2024 முதல் பாதியில் இருந்த தேங்காய் எண்ணெய் விலையும் 2025 ஜூலை, ஆகஸ்டில் இருந்த விலையும் உங்களுக்குத் தெரியும். ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் பக்கத்தில் சமையலில் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிற எல்லா வீடும் அதை உணர்ந்தது. இவள் முன்பு லிட்டர் 210-க்கு வாங்கிய எண்ணெய் 420 ஆனது. ஒரு கிலோ சிப்ஸுக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் 63 ரூபாய் கூடியது. ஆனால் அவள் கூட்டிய விலை? 320-ஐ 340 ஆக்கினாள். 20 ரூபாய். மீதி 43 ரூபாயைத் தன் மடியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கூட்டல?"

"வெல கூட்டுனா ஒருத்தரும் வாங்க மாட்டாவ டீச்சர்."

அப்புறம் நோட்டில் இல்லாததை எழுதச் சொன்னேன். மாதம் 25 நாள், நாளைக்கு 10 கிலோ, ஆக 250 கிலோ. ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் மாதம் 2,000 ரூபாய். கரண்டும் தண்ணியும் 500. மகளிர் குழுவில் எடுத்த கடனுக்கு வட்டி 1,500. கடைகளிலிருந்து நமத்துப்போய், சிக்கு வாடை அடித்துத் திரும்பி வருவது மாதம் 10 கிலோ, 340 வீதம் 3,400. எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய்.

கிலோவுக்கு 20 வீதம் 250 கிலோவுக்கு வருவது 5,000. போவது 7,400. மாதம் 2,400 ரூபாய் நஷ்டம். கையில் தினம் காசு புழங்கியதால் அவளுக்கு அது தெரியவில்லை. குழுக் கடன் ஏன் அடையவே மாட்டேன் என்கிறது என்ற கேள்வி மட்டும் இருந்தது.

இன்னும் ஒரு வரி பாக்கி. அவளுக்கும் மாமியாருக்கும் கூலி. "அது எப்படி டீச்சர், நாங்க வீட்டு ஆளுவதானே?" என்றாள். நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டில் 2025-26-க்கு அரசு வைத்திருந்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் விடியற்காலை முதல் நிற்கிற இரண்டு பெண்களுக்கு அதுகூட வேண்டாமா? இரண்டு பேருக்கு 25 நாளைக்கு 16,800 ரூபாய். 250 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 67 ரூபாய் 20 காசு.

இப்போது கூட்டுங்கள். 320, அதோடு மற்ற செலவு 29 ரூபாய் 60 காசு, அதோடு கூலி 67 ரூபாய் 20 காசு. ஒரு கிலோவின் உண்மையான அடக்க விலை 416 ரூபாய் 80 காசு. அதை 340-க்கு விற்றுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிலோவோடும் கிட்டத்தட்ட 77 ரூபாயைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்த மாதிரி.

அடக்க விலை என்ற சொல்லை எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. வாங்கிய விலை வேறு, அடக்க விலை வேறு. நான் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

சரி, பெரிய உருளி வாங்கி 20 கிலோ போட்டால்? மாதம் 500 கிலோ, 20 ரூபாய் வீதம் 10,000. புதிதாக வைக்கும் ஆளுக்கு ஒரு நாள் 500 ரூபாய் என்றாலும் 25 நாளைக்கு 12,500. பெட்ரோல் கூடும், திரும்பி வருவது கூடும், அடகுக் கடைக்கு வேறு வட்டி. நஷ்டத்தில் ஓடுகிற வியாபாரத்தைப் பெரிதாக்கினால் நஷ்டம்தான் பெரிதாகும். இதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல விரும்புகிறேன். கடன் வாங்குவதற்கு முன்னால், ஒன்றை விற்றால் உண்மையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். அதில் ஒன்றும் நிற்கவில்லை என்றால் நூறு விற்றாலும் நிற்காது.

இனி அவள் பயத்துக்கு வருவோம். விலை கூட்டினால் வாங்க மாட்டார்கள் என்ற பயம் பொய்யில்லை. சிலர் போவார்கள்தான். எத்தனை பேர் போனால் நமக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

340-க்கு விற்றால் பொருள் செலவு போகக் கிலோவுக்கு நிற்பது 20. 250 கிலோவுக்கு 5,000. அதே சிப்ஸை 440-க்கு விற்றால் கிலோவுக்கு நிற்பது 120. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 125 கிலோவுக்கு 15,000. பாதி வேலை, மூன்று மடங்கு மிச்சம். அவள் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். "தப்பா போட்டுட்டேனோ டீச்சர்" என்றாள். தப்பில்லை.

இதையே திருப்பிப் பாருங்கள். கடைக்காரர், "10 ரூபாய்தானே, குறைச்சுக்கோ" என்கிறார். 340-இல் 10 ரூபாய் என்பது 3 சதவீதம்கூட இல்லை. ஆனால் அவளுடைய 20 ரூபாயில் அது பாதி. அந்தப் பழைய 5,000-ஐயே எடுக்க அவள் 250 கிலோவுக்குப் பதில் 500 கிலோ போட வேண்டும். கேட்கிறவருக்கு 10 ரூபாய். கொடுக்கிறவளுக்கு ஒரு மாதத்து உழைப்பு இரண்டு மடங்கு ஆகிறது. தள்ளுபடி சதவீதம் விலையின் மேல் போடப்படுகிறது, அது தின்பதோ லாபத்தை. என் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கியவர்களுக்கும் இதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

"டீச்சர், குறைந்த விலை வைத்துப் பெரிய ஆளானவர்கள் இல்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்தார்கள். அது வெறும் தர்மத்தால் மட்டும் நடந்ததில்லை. ஒரு நோயாளிக்கு அறுவை முடிகிற நேரத்தில் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டருடைய நேரம் ஒரு நிமிஷம்கூட வீணாகாது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வாங்கும் நிலை மாற, 1992-இல் ஆரோலேப் என்று தொடங்கித் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் செலவைக் குறைத்தார்கள், அப்புறம்தான் விலை குறைந்தது.

கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயில் தொழில் தொடங்கியவர். சிக் ஷாம்பு சாஷே 50 காசுக்கு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாட்டில் வாங்க முடியாதவர் கையிலிருக்கிற சில்லறைக்கு ஏற்ற அளவில் பொருளைக் கொடுத்தார். நஷ்டத்துக்குக் கொடுக்கவில்லை. அளவைச் சிறிதாக்கினார்.

நம்மவர்கள் செய்வது வேறு. செலவையும் குறைப்பதில்லை, அளவையும் மாற்றுவதில்லை, பக்கத்துக் கடைக்காரர் என்ன விலை என்று பார்த்து அதில் 5 ரூபாய் குறைத்து வைக்கிறோம். அந்தக் கடைக்காரர் அவருடைய கணக்கைப் போட்டாரா என்பதே நமக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் குறைத்துக் கடைசியில் இரண்டு கடையும் மூடிக் கிடப்பதை நம் ஜங்ஷனிலேயே பார்த்திருக்கிறோம்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விலையைக் கூட்டவும் முடியாது, நஷ்டத்தையும் தாங்க முடியாது என்றால் மனுஷன் என்ன செய்வான்? தேங்காய் எண்ணெயில் பாமாயிலைக் கலப்பான். பழைய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவான். பாமாயிலில் பொரித்து, பாமாயில் என்றே சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு. ஆனால் கட்டுப்படியாகாத விலைக்கு நல்ல பொருள் வேண்டும் என்று அடம்பிடிக்கிற நாமும் அந்தத் தப்பில் கூட்டுதான்.

இப்போது சொந்தக்காரர்களுக்கும் எனக்கும் உள்ள பங்கைச் சொல்கிறேன்.

என் தம்பி மகள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. விருந்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், இலையில் சிப்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தது என்று. அது இந்தப் பிள்ளை போட்டதுதான். 15 கிலோ. "டீச்சருக்கு என்ன விலை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "ஒங்களுக்கு 300 தாங்க டீச்சர்" என்றாள். நானும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து என் மைனியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் நோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பொருள் செலவு மட்டுமே 320. எனக்குக் கொடுத்தது 300. அதுவும் ஓணம் நெருங்குகிற நேரம், கடைக்காரர்கள் சிப்ஸ் கேட்டு நிற்கிற நேரம். அவள் கூலியையும் வாங்காமல், கைக்காசும் போட்டு என் வீட்டுக் கல்யாணத்தை நடத்தியிருக்கிறாள். டீச்சர் கேட்டால் எப்படி இல்லை என்று சொல்வாள்? முடியாது என்று தெரிந்த இடத்தில் கேட்பது பாசமில்லை.

இன்னொன்று. எனக்குப் பென்ஷன் வருகிறது. விலைவாசி ஏறுகிறது என்று அரசே ஒப்புக்கொண்டு வருஷத்தில் இரண்டு தடவை அகவிலைப்படியைக் கூட்டுகிறது. அறிவிப்பு வர நாலு நாள் தாமதமானாலும் நம் ஓய்வூதியர் குழுவில் எவ்வளவு புலம்பல்! அந்தப் பிள்ளைக்கு அகவிலைப்படி யார் கொடுப்பார்? அவள் தானே தன் விலையைக் கூட்டினால்தான் உண்டு. எனக்குக் கூடினால் நியாயம், அவள் கூட்டினால் கொள்ளை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அக்டோபரில் அவள் ஏழு கடைக்கும் நேரில் போனாள். எண்ணெய் முன்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டி, இனி 440 என்றாள். சென்னையில் டீக்கடைக்காரர்கள் 2025 செப்டம்பரில் டீயை 12 ரூபாயிலிருந்து 15 ஆக்கியபோது, என்ன காரணம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். காரணம் சொன்னால் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொள்வார்கள். சொல்லாமல் ஏற்றினால்தான் கோபம் வரும்.

மூன்று கடை வேண்டாம் என்றது. அதில் ஒன்று இரண்டு வாரத்தில் திரும்பிக் கூப்பிட்டது. மற்ற இரண்டும் இன்றுவரை வாங்கவில்லை. நவம்பரில் அவள் விற்றது 170 கிலோ. பொருள் செலவு போக நின்றது 20,400. வீட்டுக்குத் தூரமான கடைகள் விட்டுப்போனதால் பெட்ரோல் 1,500. கரண்ட் 500, வட்டி 1,500. குறைவாகப் போட்டுப் புதிதாகக் கொடுத்ததால் திரும்பி வந்தது 4 கிலோதான், 1,760. மிச்சம் 15,140. வேலை செய்தது 25 நாள் இல்லை, 17 நாள். இரண்டு பேருக்கும் நாளைக்கு 336 வீதம் 11,424 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தாள். அதற்கு மேல் 3,716 ரூபாய் லாபம். இதைத்தான் லாபம் என்று சொல்ல வேண்டும்.

மாமியார் கையில் கூலியைக் கொடுத்தபோது, "எனக்கு எதுக்குட்டீ?" என்று அந்த அம்மா கேட்டார்களாம். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்களாம்.

ஒரு நல்ல மாசத்தை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஐயப்ப பக்தர்கள் வருகிற சீசன். கன்னியாகுமரிக் கடைகளில் எதுவும் விற்கும். சீசன் முடிந்து, கடற்கரைச் சாலை காலியாகக் கிடக்கிற மாசங்களுக்கும் இந்த 3,716-தான் கை கொடுக்க வேண்டும். சீசன் காசைச் சீசனிலேயே செலவழிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். 15 கிராம் போட்டு 10 ரூபாய்ப் பாக்கெட்டும் ஆரம்பித்திருக்கிறாள். கிலோவுக்கு 66 பாக்கெட், கடைக்காரருக்கு 2 ரூபாய் போகப் பாக்கெட்டுக்கு 8 வீதம் 528 ரூபாய். கவர் செலவு கூடும், ஆனாலும் கட்டுப்படியாகும். எடையையும் விலையையும் தெளிவாக அச்சடித்திருக்கிறாள். வளையல் இரண்டும் கையில்தான் கிடக்கின்றன.

என் பாக்கியையும் கொடுக்கப் போனேன். கை நீட்டி வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் வேறு வழி பார்த்தேன். இனி வீட்டில் என்ன விசேஷம் வந்தாலும் கடைக்காரர் கொடுக்கிற விலையை நானும் கொடுப்பேன், முன்பணமாகக் கொடுப்பேன். போன வாரம் மைனி வீட்டுக்கு 3 கிலோ வாங்கினேன். 1,320 ரூபாய். "டீச்சர், 1,300 தந்தா போதும்" என்றாள். முறைத்தேன். வகுப்பில் முறைத்த மாதிரியே இருந்ததாம், சிரித்துவிட்டாள்.

என் பிள்ளைகளே, உங்களுக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். ரொம்ப நாளாச்சு தந்து. நீங்கள் விற்கிற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் முதல் வரியில் உங்கள் கூலியை எழுதுங்கள். கடைசி வரியில் இல்லை, முதல் வரியில். கடைசியில் எழுதினால் மிச்சம் இருந்தால்தான் கிடைக்கும் என்று ஆகிவிடும். அதற்குக் கீழே பொருள், போக்குவரத்து, கரண்ட், வாடகை, வட்டி, வீணாவது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சொந்தக் கட்டடமாக இருந்தாலும் வாடகை எழுதுங்கள். மாசம் ஒரு தடவை சந்தை விலையைப் பார்த்துத் திருத்துங்கள். கூட்டி வருவதுதான் அடக்க விலை. அதற்குக் கீழே விற்கிறீர்கள் என்று தெரிந்தால் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம். நோட்டை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். காப்பி தருகிறேன், கட்டணம் கிடையாது. எனக்குத்தான் பென்ஷன் வருகிறதே.

சொந்தக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று. பெரிய ஜவுளிக் கடையில் ஸ்டிக்கர் விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். தெரிந்த பிள்ளை வீட்டில் சுட்ட முறுக்குக்குத்தான் பேரம் பேசுகிறோம். தெரிந்தவர் என்றால் முழு விலை கொடுங்கள்.

அந்த மாம்பழக் கணக்கை இப்போது யாராவது என்னிடம் கொண்டுவந்தால் 150 என்ற விடைக்குச் சரி போட மாட்டேன். "இன்னும் கணக்கு முடியவில்லை, வியாபாரியின் கூலி எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கொட்டாரம்.